கொள்ளிடத்துக்கு வடக்கே இருபத்து நான்கு நாள்

காலை 5.12. நம்பர் ஒன் டோல்கேட் சந்திப்பில் நின்றிருந்த வேனில் முதலில் கண்ணில் பட்டது ஈரச் சாக்கு. முப்பத்தாறு தேனீப் பெட்டிகளின் மேல் அதை மடித்துப் போர்த்தியிருந்தார்கள். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் பின்சக்கரத்தைச் சுற்றி ஓடி மண்ணில் இறங்கியது. சாக்குக்கு அடியிலிருந்து, டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நின்றால் கேட்குமே, அந்த மாதிரி ஒரே சீரான ஓசை. மஞ்சள் உடுத்திச் சமயபுரத்துக்கு நடந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் டீக்கடைப் பக்கம் ஒதுங்கியபோது வேனை எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, மீனா?"

"தேனீ" என்றார் டிரைவர். கேட்டவர் டீ குடிக்காமலேயே கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

முசிறிச் சாலையில் கிழக்கே வரும் வண்டிக்கு அந்தச் சந்திப்பில் இடப்பக்கம் சமயபுரம், வலப்பக்கம் கொள்ளிடம் பாலம். பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். வேனின் முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. என் மனைவி டார்ச்சுடன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் கம்பிவலை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு முன்னால் போய் நின்றாள்.

கேபினிலிருந்து இறங்கியவர் ஸ்ரீரங்கம் தீவில் வாழையும் கொஞ்சம் எள்ளும் போட்டிருப்பவர். எங்கள் தேனீ வளர்ப்புக் குழுவில் மொத்தம் பதினோரு பேர். அவர்களில் அதிகப் பெட்டி வைத்திருப்பவர் அவர்தான். பாலக்காட்டுப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் இரண்டு மாதம் பெட்டிகளை வைத்திருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். சட்டையெல்லாம் புகை வாசனை.

"டாக்டரம்மா, பாலம் இந்தா இருக்கு. அஞ்சே நிமிஷம். தோட்டத்துல எறக்கிட்டு வந்து உங்களோட டீ குடிக்கிறேன்."

"டீ இங்கயே நல்லாருக்கும்ங்க."

"எள்ளு பூ விட்டுருச்சும்மா. இருவத்தி நாலு நாள் கழிச்சுக் கொண்டுபோனா ஈக்கு நான் என்ன, பூ போட்டோவக் காட்டவா?"

அவள் சிரித்தாள். ஆனால் வேனின் முன்னாலிருந்து நகரவில்லை. "எள்ளுக்கு நான் தரேன். தாய்ப் பெட்டிலேர்ந்து நாலு பிரிச்சு வெச்சிருக்கேன். புது ராணி முட்டை வைக்க ஆரம்பிக்கட்டும், பன்னெண்டு நாள்ல வந்து எடுத்துக்குங்க. இந்த முப்பத்தாறும் வடக்கதான்."

வேன் பின்னால் வந்து இடப்பக்கம் திரும்பியபோது மணி 5.25.

என் மனைவி டாக்டர் இல்லை. புத்தூரில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியனாக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். பெயர் ஒட்டாத ரத்தக் குப்பியை மேசையில் வைக்கவே விடமாட்டாள் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பயிற்சிக்குப் போய் இரண்டு தேனீப் பெட்டிகளோடு வந்தாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மேலூர்ச் சாலையில் ஒரு தோட்டத்தின் மூலையில் அவை பதினாலாகப் பெருகின. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒரு தோட்டத்துக் கத்தி இன்னொரு தோட்டத்துக்குப் போகாது. கையுறையை அங்கேயே கழற்றி அங்கேயே கொதிநீரில் போடுவாள். குழுவில் முதலில் கேலிக்கு வைத்த பெயர்தான் டாக்டரம்மா. எப்போது அது கேலி இல்லாமல் போனது என்று தேதி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதினாலு பெட்டிகளும் எங்கும் பயணம் போகாதவை. குழுவில் யாருக்குப் பெட்டி செத்தாலும், புதிதாக யார் சேர்ந்தாலும், அவற்றிலிருந்து பிரித்துத்தான் தருவாள். அதனால் அவற்றுக்குத் தாய்ப் பெட்டி என்று பெயர். அவை போனால் பதினோரு பேருக்கும் திரும்ப ஆரம்பிக்க இடம் கிடையாது.

அவள் பயந்தது ஒரு வைரஸுக்கு. தொண்ணூறுகளில் அது தெற்கில் வந்தபோது ஊர் ஊராகப் பெட்டிகள் காலியானதைச் செய்தியாக நானே நாளிதழ்ப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நோய் கண்ட தேனீப் புழு அடையின் அறைக்குள் தலையைத் தூக்கியபடி படகு போல நீட்டிக் கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் தண்ணீர் கட்டிய சின்னப் பையாக வரும். மருந்து இல்லை. மனிதரை ஒன்றும் செய்யாது. அந்தப் பெட்டியின் தேனை நாம் சாப்பிடலாம். இன்னொரு தேனீதான் சாப்பிடக் கூடாது.

பெட்டிகளைக் கேரளத்துக்கு அனுப்பிய முதல் வருடம் வாளையார் எல்லை வரை நானும் வேனில் போனேன். பெட்டிகளைச் சோதித்ததற்கான கடிதத்தைத் தோட்டக்கலை அலுவலகத்தில் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு என் மடியில் வைத்திருந்தாள் மனைவி. சோதனைச் சாவடியில் இருந்தவர் அதைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கொட்டுமா?" கொட்டும் என்றேன். கை காட்டி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியைத் திறந்து புழுவைப் பார்க்கத் தெரிந்த ஆள் எல்லாச் சாவடியிலும் உட்கார்ந்திருக்க முடியாது. திரும்பி வரும் வழியில் மனைவி, "நம்ம எல்லைய நாமதான் போட்டுக்கணும்" என்றாள்.

அவள் போட்ட எல்லை கொள்ளிடம். வெளி மாநிலம் போன பெட்டி திருச்சி ஊருக்குள் வரக் கூடாது. குளித்தலையில் காவிரியைக் கடந்து, முசிறி வழியாக வடகரையிலேயே வர வேண்டும். டோல்கேட்டிலிருந்து சமயபுரம் பக்கம், ஆற்றிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, குழுவில் ஒருவரின் தென்னந்தோப்பில் இருபத்து நான்கு நாள் தனியாக இருக்க வேண்டும். நாலு நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு தேனடையையும் தூக்கி வெயிலில் பார்க்க வேண்டும். இந்தியத் தேனீயில் முட்டை வைத்த நாளிலிருந்து வேலைக்காரத் தேனீ அறையின் மூடியைக் கடித்து வெளியே வர ஏறக்குறைய இருபது நாள். பயணத்தில் இருந்த கடைசி முட்டையும் தேனீயாகிப் பறப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது கணக்கு. மிச்சம் நாலு நாள் அவளுடைய சந்தேகத்துக்கு.

விதிகளைக் கையால் எழுதி என்னிடம் தந்தாள். நான் ஒரு நாளிதழின் திருச்சிப் பதிப்பில் செய்தி மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று சுருக்கினேன். "பெட்டி, அடைச்சட்டம், கத்தி, புகைப்பான், துணி, பாத்திரம், தேன், மெழுகு எதுவும் வடகரையிலிருந்து வரக் கூடாது" என்று அவள் எழுதியிருந்ததை, "பெட்டி, அடைச்சட்டம், கத்தி முதலியன வரக் கூடாது" என்று ஆக்கினேன். ஒரு வரி மிச்சமானது. நல்ல வேலை செய்த திருப்தி எனக்கு இருந்தது.

வேன் வந்த பத்தாம் நாள் தோப்புக்கு ஸ்கூட்டரில் கையுறைக் கட்டு கொண்டுபோனேன். வாழைக்காரர் அங்கே இருந்தார். பயணத்தில் தேனீக்கள் மூடியின் உட்புறம் தாறுமாறாகக் கட்டியிருந்த அடைகளைச் சுரண்டி ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டிருந்தார். அதை என் கையில் கொடுத்தார்.

"ரப்பர் தேன் சார். கொஞ்சந்தான். காலைல வெந்நீர்ல போட்டுக் குடிங்க."

வீட்டுக்கு வந்து வடிகட்டினேன். ஒரு டம்ளர் தேறியது. வடிகட்டிய பிறகு பிசுபிசுப்பாக இருக்கும் பாத்திரத்தையும் பிழிந்த மெழுகையும் தேனீ வளர்ப்பவர் யாரும் கழுவுவதில்லை. வெளியே வைத்தால் தேனீக்கள் வந்து அரை மணியில் துடைத்துவிடும். கழுவினால் வீணாகப் போவது அவற்றின் உழைப்புதானே என்று ஒரு நியாயம். நாங்களும் பல வருடமாக அப்படித்தான் செய்துவந்தோம். தூக்கை மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தபோது காலை 10.40. எங்கள் மாடிக்கும் மேலூர்ச் சாலைத் தோட்டத்துக்கும் நடுவே அரை கிலோமீட்டர்கூட இருக்காது.

மனைவி ஈரத் துணி வாளியோடு மாடிக்கு வந்தாள். தூக்கின் விளிம்பில் தேனீக்கள் வரிசையாகத் தலையைக் குனிந்திருந்தன. அந்தத் தூக்கு எங்கள் வீட்டுடையது அல்ல என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எங்கேர்ந்து?"

சொன்னேன். வாளியைக் கீழே வைத்தாள். தூக்கை எடுக்கப் போவாள் என்று நினைத்தேன். அவள் கீழே ஓடிப் போய் ஒரு கிண்ணத்தில் கோதுமை மாவு கொண்டுவந்து, தேனீக்களின் முதுகில் மெல்லத் தூவினாள். அவை எழுந்து பறக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துத் தூக்கை மூடினாள். "தோட்டத்துக்குப் போங்க. எந்தப் பெட்டிக்குள்ள வெள்ளையாப் போகுதுன்னு பாருங்க. நம்பர் எழுதுங்க."

அவள் மூடியபோது மணி 11.05. ஸ்கூட்டரைத் தோட்டத்து வேலியில் சாய்த்துவிட்டுப் பெட்டிகள் முன்னால் நின்றேன். 11.11க்கு மூன்றாம் எண் பெட்டியின் வாசலில் ஒரு வெள்ளைத் தேனீ இறங்கி உள்ளே போனது. 11.14க்குப் பதினொன்றில் இன்னொன்று. அதன் பிறகு மூன்றில் மறுபடி இரண்டு. என் வேலையில் எத்தனையோ விபத்துச் செய்திக்கு நேரம் குறித்திருக்கிறேன். நானே காரணமாக இருந்த ஒன்றுக்குக் குறித்தது அது முதல் தடவை.

வீட்டுக்கு வந்தபோது தூக்கு கொதிநீரில் கிடந்தது. மெழுகு அடுப்பில் எரிந்து முடிந்திருந்தது. மனைவி குழுவின் வாட்ஸ்அப்புக்குத் தகவல் எழுதத் தொடங்கியிருந்தாள். நான் தொழில் புத்தியில் ஒரு வாசகம் சொன்னேன்: "தவறுதலாக மாடியில் தேன் வைக்கப்பட்டிருந்தது."

"யார் வெச்சது? தூக்கு தானா மாடியேறுச்சா?"

அவள் அனுப்பியது இதுதான்: "இன்று 10.40 முதல் 11.05 வரை வடகரைத் தேன் இருந்த தூக்கு எங்கள் மாடியில் திறந்திருந்தது. என் கணவர் வைத்தார். மேலூர்ப் பெட்டி 3, 11 இரண்டிலிருந்தும் தேனீக்கள் வந்து குடித்தன. மாவு தூவிப் பார்த்து உறுதி செய்தோம். மேலூரில் இருக்கும் தாய்ப் பெட்டி பதினாலு, பிரித்தது நாலு, பதினெட்டுக்கும் இன்றிலிருந்து 24 நாள் தனிமை. யாருக்கும் பெட்டி தர முடியாது. எள்ளுக்குச் சொன்ன நாலும் சேர்த்து. தோட்டத்துக்கு யாரும் வர வேண்டாம்."

பத்திரிகையில் திருத்தம் வெளியிடுவோம். உள்பக்கத்தில், கீழே, சின்ன எழுத்தில், என்ன தவறு என்று புரியாதபடி. "வருந்துகிறோம்" என்று முடியும். அப்படி நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். யார், எங்கே, எத்தனை மணிக்கு, யாருக்கு என்ன இழப்பு என்று எல்லாம் இருந்த ஒரு திருத்தத்தை அன்றுதான் பார்த்தேன். அதில் குற்றவாளி நான் என்பது, எழுதியவளைப் பற்றி எனக்கு வந்த பெருமையைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. அவள் வருந்துகிறேன் என்று எழுதவுமில்லை.

பத்து நிமிஷத்தில் வாழைக்காரர் போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டரம்மா, பெட்டி சரி. சாரை எத்தனை நாள் வடகரைல வெக்கப் போறீங்க?"

"அவருக்கு இருவத்தி நாலு பத்தாதுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "அப்ப எள்ளு?"

"இந்தத் தடவ முடியாதுங்க."

அவர் இருக்கும் இடத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "தூக்க நாந்தானம்மா குடுத்தேன். பேப்பர்ல தேன்னு போடலயே, அதனால குடுத்தேன்."

"போட்டிருந்தாங்க. நான்தான் எடுத்தேன்" என்றேன் பக்கத்திலிருந்து. மனைவி என்னைப் பார்த்தாள். அவள் அந்த வரியைத் தேடியிருக்கிறாள், கேட்காமல் இருந்திருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது.

பதின்மூன்றாம் நாள் அவளோடு நானும் தோப்புக்குப் போனேன். எனக்கு நோட்டுப் புத்தகம் பிடிக்கும் வேலை. ஆறு பெட்டி வரை "இல்லை" என்று எழுதினேன். ஏழாம் பெட்டியின் இரண்டாவது அடையை வெயிலுக்குத் திருப்பியவள் அப்படியே நின்றாள். இடுக்கியைக் கேட்டாள். அறையிலிருந்து வந்தது சின்னதாக, மஞ்சள் கலந்த வெள்ளையில், தண்ணீர் கட்டிய பை. ஒரே அடையில் ஆறு.

வாழைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

"அந்தத் தூக்குல ஏழாம் நம்பர் மூடியும் சொரண்டினேம்மா."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"அதுலதான் கொட்டு வாங்கினேன். இந்தா, இன்னும் வீக்கம் போகல." புறங்கையைக் காட்டினார்.

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். முப்பத்தாறு பெட்டியில் எது என்று எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் பழி பாதியாகியிருக்கும். முந்தைய வருடங்களில் நான் பார்த்த அதே மனிதர், பெட்டி செத்தால் வெயில் என்பார், மருந்தடித்த பக்கத்து வயல் என்பார். மூன்று நாளுக்கு முன் குழுவில் வந்த ஒரு தகவல்தான் நடுவில் நடந்த ஒரே மாற்றம்.

அன்றே தோப்பின் ஓரத்தில் அவரே குழி வெட்டினார். ஏழாம் பெட்டியின் அடைகளைச் சட்டத்தோடு எரித்து மண் மூடினோம். வெறும் பெட்டியின் உட்புறத்தை வைக்கோல் தீயில் கறுக்கும்வரை காட்டினார். மிச்சம் முப்பத்தைந்துக்கும் அன்றிலிருந்து திரும்ப ஒன்று என்று எண்ண வேண்டும் என்றாள் மனைவி. அவர் தலையாட்டினார். போகும்போது, "மேலூர்ல இருக்காதும்மா" என்றார். "இருக்காதுன்னு எழுத முடியாதுங்க. பாத்துட்டு எழுதலாம்" என்றாள்.

அதன் பிறகு மேலூர்த் தோட்டம். நாலு நாளுக்கு ஒரு முறை, காலை எட்டு மணிக்கு, பதினெட்டுப் பெட்டி. அவள் அடையைத் தூக்கிச் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பாள். பெட்டி எண், அடை எண், பிறகு ஒரு சொல். மூன்றிலும் பதினொன்றிலும் மட்டும் ஒவ்வொரு அடையையும் இரண்டு தடவை பார்ப்பாள். ஒன்றும் நடக்கவில்லை என்பது செய்தியாகாது என்று மேசையில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த நோட்டில் பக்கம் பக்கமாக "இல்லை" என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவள் வாயைப் பார்ப்பேன். அவள் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு தடவைகூடக் குறையவில்லை.

மேலூர்க் கணக்கில் பன்னிரண்டாம் நாள் முடிவில் உறையூரிலிருந்து குழுவுக்கு வரும் இளம் பெண் ஒருவர், மூன்று பெட்டி வைத்திருப்பவர், வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அக்கா, இதுவரைக்கும் சுத்தம்னா அண்ணனுக்கு அந்த நாலக் குடுத்துரலாம்ல? எள்ளு போயிட்டிருக்கே." அண்ணன் என்றது வாழைக்காரரை. நியாயமான கேள்விதான். மனைவி மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் வாழைக்காரர் பதில் போட்டிருந்தார்.

"24."

அவ்வளவுதான் எழுதியிருந்தார். கீழே ஒவ்வொருவராகக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். மனைவி அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். சமையலறைக்குப் போனவள் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்தபடி நின்றாள். அப்புறம் விதித்தாளைக் கேட்டாள். நான் வெட்டிய சொற்களைத் திரும்ப எழுதி, "முதலியன" என்பதை அடித்து, "தேனீ நக்க வெளியே வைக்கவும் கூடாது" என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்தாள். இப்போது அது ஒன்றே கால் பக்கம்.

மேலூரில் இருபத்து நான்காம் நாள் காலை பதினெட்டுப் பெட்டிகளையும் கடைசியாகப் பார்த்தோம். பதினெட்டாவது பெட்டியின் கடைசி அடையை இறக்கியபோது மணி 10.35. "இல்லை" என்றாள். எழுதினேன். அவள் நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டாள். லேப் ரிப்போர்ட்டில் போடும் அதே கையெழுத்து.

மாலையில் வாழைக்காரர் வேனோடு வந்தார். தேனீக்கள் எல்லாம் உள்ளே போகும்வரை காத்திருந்து, நாலு பெட்டிகளின் வாசலிலும் கம்பிவலை வைத்தோம். ஈரச் சாக்கு போர்த்தினோம். அவர் என்னைப் பார்த்து, "சார், தூக்கு எதுவும் உள்ள வெக்கலயே?" என்றார். மனைவி சிரித்தாள். வேன் 6.10க்குக் கிளம்பியது.

எள் வயலில் கடைசிப் பூவும் உதிர்ந்து காய் முற்றியிருந்தது.